கேஸ் கிரில் மறுபடியும் எரிந்தது: இரண்டு சனிக்கிழமை, 196 டாலர்

போன சனிக்கிழமை மாலை, மூடியில் இருக்கும் தெர்மாமீட்டர் முள் 12 நிமிடத்தில் 550 டிகிரியைத் தொட்டது. இங்கே எல்லாமே ஃபாரன்ஹீட் கணக்குதான். மே மாத முதல் வாரத்தில் இதே கிரில் அரை மணி நேரம் எரிந்தும் 250-ஐத் தாண்டவில்லை. நடுவில் இரண்டு சனிக்கிழமைகளும் 196 டாலரும் போயின. அதில் கொஞ்சம் வீண் செலவு. எது வீண், எது தேவை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் உதவும்.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வெளியே. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வீட்டை ஒட்டிய திறந்த தளமான டெக்கில் பனி கிடக்கும், கிரில் உறைக்குள் கிடக்கும். நான்கு பர்னர், அடியில் புரோப்பேன் சிலிண்டர். ஏழு கோடைகாலம் உழைத்திருக்கிறது. மக்காச்சோளம், கோழி, துவையலுக்குக் கத்தரிக்காய் எல்லாம் அதில்தான் சுடுவோம். வீட்டுக்குள் இருக்கும் மின் அடுப்பில் கத்தரிக்காய் சுட்டால் புகை அலாரம் அலறும். அதனால் இந்தக் கிரில் எங்களுக்கு ஆடம்பரப் பொருள் இல்லை, இரண்டாவது அடுப்பு.

மே மாதம் இரண்டு குடும்பங்களைச் சாப்பிட அழைத்திருந்தோம். முந்தின இரவே கோழியில் தயிரும் மிளகாய்த்தூளும் தடவி ஊற வைத்தாயிற்று. நான்கு குமிழையும் முழுதாகத் திருகி, மூடிவைத்து, 20 நிமிடம் கழித்துத் திறந்தால் கோழி வெளிறிப்போய்க் கிடந்தது. தயிர் நீர்விட்டு, சுடவேண்டியது தன் தண்ணீரிலேயே அவிந்துகொண்டிருந்தது. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க, தீ எரியுது, ஆனா உயரவே மாட்டேங்குதே" என்றாள். அன்று எல்லாத் துண்டுகளும் வீட்டுக்குள் இருக்கும் ஓவனுக்குப் போயின.

முதல் சந்தேகம் சிலிண்டர் மேல். ஊர்ப் பழக்கம் அப்படி, தீ குறைந்தால் சிலிண்டர் தீரப்போகிறது என்றுதான் தோன்றும். கழற்றி, குளியலறை எடை மெஷினில் வைத்தேன். 31 பவுண்டு. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் காலி எடை குத்தியிருப்பார்கள், என்னுடையதில் 17 பவுண்டு. ஆக, உள்ளே 14 பவுண்டு கேஸ் இருக்கிறது. முழுதாக நிரப்பினால் 20 பவுண்டு, ஏறக்குறைய 9 கிலோ. ஊரில் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை விடச் சின்னது. குளிரில் கேஸ் கிளம்பாமல் போயிருக்குமோ என்ற யோசனையையும் உடனே விட்டேன். புரோப்பேன் மைனஸ் 42 செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மிச்சிகன் ஜனவரியே அதற்குப் பெரிய விஷயமில்லை, மே மாதக் குளிர் எம்மாத்திரம்.

அடுத்தது ரெகுலேட்டர். விருந்துக்கு வந்திருந்த மதுரைக்கார நண்பர், "ரெகுலேட்டர் போயிருக்கும்ணே, மாத்திப் பாருங்க" என்றார். எனக்கும் அதுவே படவே, ஹோஸுடன் சேர்ந்த புது ரெகுலேட்டர் 28 டாலருக்கு வாங்கி மாட்டினேன். பற்றவைத்தேன். அதே மெல்லிய தீ. கால் அங்குல உயரம் இருந்தால் அதிகம்.

கிரில்லோடு வந்த கையேட்டை எடுத்து முதல் முறையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தது அன்றைக்குத்தான். சிலிண்டரில் திருகும் பிளாஸ்டிக் நட்டுக்குள் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ஹோஸ் எங்காவது பிய்ந்து கேஸ் வேகமாக வெளியே ஓடினால், அது பாதையை அடைத்துவிட்டு ஒரு நூலளவு மட்டும் விடும். பர்னர் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டர் வால்வை ஒரே திருகாகத் திறந்தாலும், கசிவு என்று நினைத்து அப்படியே அடைத்துக்கொள்ளும். நான் செய்தது அதைத்தான். பழைய ரெகுலேட்டரில் செய்ததைப் புதியதிலும் செய்திருக்கிறேன்.

சரி செய்ய ஒரு பைசா செலவில்லை. எல்லாக் குமிழையும் மூடி, சிலிண்டரை மூடி, நட்டைக் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டேன். மறுபடி கையாலேயே இறுக்கி, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறந்தேன். அரைத் திருப்பு திருப்பிவிட்டுப் பத்து விநாடி நின்று, பிறகு மீதி. பற்றவைத்தால் இடது பக்க இரண்டு பர்னரும் நீலமாக நிமிர்ந்தன. தெர்மாமீட்டர் 400 வரை ஏறியது. இதை முதலில் செய்திருந்தால் அந்த 28 டாலர் கையிலேயே இருந்திருக்கும். ஆனாலும் புது ஹோஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பழையதை வளைத்துப் பார்த்தபோது ரப்பரில் முடிபோன்ற வெடிப்புகள் தெரிந்தன. அன்று கேஸ் கசியவில்லை என்றாலும், அதை மறுபடி மாட்ட மனம் வரவில்லை.

வலது பக்கம்தான் இன்னும் தகராறு. இடமிருந்து மூன்றாவது பர்னர் நடுவில் மஞ்சளாகப் பீறிட்டது. நான்காவது சோம்பலாக, ஆரஞ்சு நிறத்தில் தள்ளாடியது. குமிழைத் திருகக் கைவைத்தபோது நான்காவது மட்டும் சுட்டது. மற்ற மூன்றும் சாதாரணமாக இருந்தன. அப்போதே அணைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் கழற்ற உட்கார்ந்தேன். சிலிண்டரைப் பிரித்துத் தோட்டத்துப் பக்கம் தள்ளி வைத்தேன். வார்ப்பிரும்புக் கம்பித்தட்டுகள் வந்தன. அவற்றுக்கு அடியில் பர்னருக்குக் கூரைபோலக் கவிழ்ந்திருக்கும் ஹீட் பிளேட்டுகள் நான்கு. அவற்றில் இரண்டு கையில் எடுத்ததும் அப்பளம்போல நொறுங்கின. மற்ற இரண்டில் ஓட்டைகள். சொட்டும் கொழுப்பு நேராகப் பர்னர்மேல் விழாமல் தடுப்பதுதான் இந்தத் தகட்டின் வேலை. தகடு இற்றதால் மூன்றாவது பர்னர் வருடக்கணக்காக உப்பிலும் எண்ணெயிலும் குளித்திருக்கிறது. அதன் வரிசைத் துளைகளில் ஏழெட்டு ஒன்றோடொன்று சேர்ந்து நீளமான பிளவாகிவிட்டன. மஞ்சள் தீ பீறிட்டது அங்கேதான்.

பர்னர்களின் பின்முனையை ஆளுக்கு ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. நான்குமே துருவில் ஊறி, தலை எது உடம்பு எது என்று தெரியாமல் இருந்தன. முதலாவதை ஸ்க்ரூடிரைவரில் பலம் கொடுத்துத் திருகினேன், தலை முறிந்தது. அதோடு நிறுத்திவிட்டு, துருவுக்குள் ஊறும் எண்ணெய் ஒரு கேன் 7 டாலருக்கு வாங்கிவந்து, மீதி மூன்றிலும் அடித்து இரவு முழுதும் விட்டேன். மறுநாள் கால் திருப்பு முன்னே, கால் திருப்பு பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுத்ததில் மூன்றும் முழுசாக வந்தன. முறிந்ததை மட்டும் 3 மில்லிமீட்டர் டிரில்லில் ஆரம்பித்துப் படிப்படியாகக் குடைந்து எடுத்தேன். அதற்கே ஒரு மணி நேரம். அந்த இடத்தில் இப்போது நட்டு போட்ட துருப்பிடிக்காத போல்ட் இருக்கிறது.

நான்காவது பர்னரை உருவி, குழாய் முனையில் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மறுபக்கம் வெளிச்சம் வரவில்லை. இரண்டு அங்குலம் உள்ளே, பஞ்சை உருட்டி அடைத்ததுபோல வெள்ளையாக ஒரு வலை. ஒரு கம்பியை வளைத்து இழுத்ததும் முழுதாக வந்தது. நடுவில் உளுந்தளவு முட்டைப் பை, காய்ந்த சிலந்தித் தோல் ஒன்று, கொஞ்சம் மண். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. அந்தத் துண்டு பஞ்சுதான் கேஸை வழிமறித்திருக்கிறது. உள்ளே போக முடியாத கேஸ் குழாய் வாயிலேயே பின்னால் திரும்பி, குமிழ்ப் பலகைக்குப் பின்னே எரிந்திருக்கிறது. பலகையைக் கழற்றிப் பார்த்தால் நான்காவது வால்வுக்கு நேரே உலோகம் கருத்திருந்தது. பற்றவைக்கும் வயர் ஒன்றின் உறையும் உருகியிருந்தது. குமிழ் சுட்டதைப் பொருட்படுத்தாமல் இன்னும் ஒரு மாலை கோழி சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. குமிழ் சுட்டால் உடனே அணையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிலந்திக்கு இந்தக் குழாய் ஏன் பிடிக்கிறது என்று தேடியபோது ஒரு விஷயம் கிடைத்தது. 2011-இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் பல்லாயிரம் மாஸ்டா6 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று வலை பின்னியதுதான். காரையே விடாத பூச்சி, குளிர்காலம் முழுதும் சும்மா கிடக்கும் கிரில்லையா விடும்?

நல்ல நிலையில் இருந்த முதல் இரண்டு பர்னர்களைச் சுத்தம் செய்து மறுபடி போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பல்குச்சியால் துளைகளைக் குத்தினேன். நான்காவது துளையிலேயே முனை ஒடிந்து உள்ளே மாட்டியது. பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவினேன். அதுதான் சரியான கருவி, வளையும், ஒடியாது, துளையையும் பெரிதாக்காது. அடைத்துக்கொண்ட கரிக்கு மட்டும் நிமிர்த்திய காகித க்ளிப். வால்வு முனையிலுள்ள பித்தளை ஜெட்டில் மட்டும் எதையும் குத்தவில்லை. ஊரில் பம்ப் ஸ்டவ்வின் துளையை ஊசியால் குத்திய பழக்கத்தில் கை தானாகப் போகும். ஆனால் ஜெட் துளை மயிரிழை பெரிதானாலும் கேஸ் அளவு மாறிவிடும். ஊதிவிட்டதோடு சரி.

சுத்தம் செய்து முடித்தபின் தெரிந்தது, இரண்டாவது பர்னரின் அடித்தையலிலும் துரு அரித்திருக்கிறது. நான்கையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இங்கே இரண்டாவது தப்பு. கிரில்லின் மாடல் எண் ஒட்டிய ஸ்டிக்கர் அலமாரிக் கதவுக்குப் பின்னால் வெளுத்து, கடைசி மூன்று இலக்கமும் அழிந்திருந்தது. படத்தைப் பார்த்து, "நான்கு பர்னர் கிரில்லுக்குப் பொருந்தும்" என்று போட்டிருந்த ஒரு செட்டை 42 டாலருக்கு வரவழைத்தேன். வந்தது 16 அங்குலம். என்னுடையது 15⅛. பின் ஸ்க்ரூவில் மாட்டினால் முன்முனை வால்வை முட்டி வளைந்தது. திருப்பி அனுப்பத் தபால் செலவு 9 டாலர் என் கையிலிருந்து.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காக அளந்தேன். மொத்த நீளம், குழாயின் விட்டம், முன்வாயின் உள்விட்டம், பின்னாலுள்ள ஸ்க்ரூ துளையின் மையத்திலிருந்து முன்வாய் வரை உள்ள தூரம், பக்கத்துப் பர்னருக்குத் தீ தாவும் இடைக்குழாயின் இடம். இந்த ஐந்தும் பொருந்தினால்தான் பர்னர் பொருந்தும். ஹீட் பிளேட்டுக்கு நீளமும் அகலமும் போதும். ஆனால் அது உட்காரும் விளிம்பின் மேல் இரண்டு பக்கமும் கால் அங்குலமாவது தங்கவேண்டும், இல்லையென்றால் கம்பித்தட்டைத் தூக்கும்போதெல்லாம் கீழே விழும்.

எவர்சில்வர் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. 304 வகை அதிக நாள் தாங்கும். 430 வகை விலை குறைவு, வெப்பத்திலும் உப்பிலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை வைத்தால் 430 கவ்விப்பிடிக்கும், 304-இல் ஒட்டவே ஒட்டாது அல்லது லேசாகத்தான் இழுக்கும். என் பழைய பர்னரில் காந்தம் பட்டென்று ஒட்டியது. புதிதாக வாங்கிய 304 செட் நான்கும் சேர்த்து 78 டாலர். ஹீட் பிளேட் நான்கு 52. பற்றவைக்கும் மின்முனையும் வயரும் சேர்ந்த கிட் 17. போல்ட் நட்டு 5.

பார்சல் வரும்வரை அடிப்பெட்டியைச் சுரண்டினேன். பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளி, கரித்தூளையும் கெட்டிக்கொழுப்பையும் ஒரு பெரிய குப்பைப் பை நிறைய எடுத்தேன். மூடியின் உட்புறம் பெயிண்ட் உரிவதுபோலக் கருப்புச் செதில்கள் தொங்கின. அது பெயிண்ட் இல்லை, புகையும் எண்ணெயும் படிந்து இறுகிய கரி. கசக்கிய அலுமினியத் தாளால் தேய்த்ததும் உதிர்ந்தது. கம்பி பிரஷைத் தூக்கி எறிந்துவிட்டேன். பிரஷிலிருந்து உதிர்ந்த கம்பியைச் சாப்பாட்டோடு விழுங்கியவர்களைப் பற்றி, ரோட் ஐலண்ட் மருத்துவமனை ஒன்றில் பதிவான ஆறு சம்பவங்களை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2012-இல் வெளியிட்டிருக்கிறது. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அந்த ஆபத்து வேண்டாம். கம்பித்தட்டு சூடானதும் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிறேன். தோசைக்கல்லுக்குச் செய்வதுதான், இங்கேயும் அருமையாக வேலை செய்கிறது.

இரண்டாவது சனிக்கிழமை மாட்டும் வேலை. இதில் ஒரே ஒரு இடம்தான் நுட்பம். பர்னரின் முன்வாய், வால்வின் பித்தளை மூக்கின்மேல் தொப்பிபோல உட்காரவேண்டும். மூக்கு குழாய்க்குள் நேராக, நடுவில் இருக்கவேண்டும். வெளியே நழுவியிருந்தால் கேஸ் முழுதும் பெட்டிக்குள் கொட்டும், பற்றவைக்கும்போது குப்பென்று பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சரியாக உட்கார்ந்ததுபோலவே தெரியும். அதனால் மகனை டார்ச் பிடிக்கச் சொல்லி, நான் தரையில் படுத்து, கீழிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது அரை அங்குலம் தள்ளித்தான் இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். பின் ஸ்க்ரூக்களின் மரையில் சூடு தாங்கும் கிரீஸ் பூசியிருக்கிறேன், அடுத்த முறை முறியாமல் வரட்டும்.

மின்முனைக்கும் பர்னருக்கும் இடையே 4 மில்லிமீட்டர் விட்டேன். ஐந்து ஏ.டி.எம். கார்டை அடுக்கினால் அந்தக் கனம் வரும், அளவுகோலை விட அது வசதி. இருட்டியதும் கேஸைத் திறக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தினேன். மூன்று இடத்தில் நீலப்பொறி தெறித்தது, இரண்டாவதில் இல்லை. வயர் செருகும் இடத்தில் துரு. உப்புத்தாளால் தேய்த்ததும் அதுவும் பொறித்தது.

பிறகு கசிவுச் சோதனை. பாத்திர சோப்பும் தண்ணீரும் சரிபாதி கலந்து பழைய பெயிண்ட் பிரஷில் எடுத்துக்கொண்டேன். எல்லாக் குமிழும் மூடியிருக்க, சிலிண்டரை மட்டும் மெதுவாகத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் பூசினேன். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ எதுவும் கூடாது. சிலிண்டர் முனை சுத்தம். ஹோஸ் கிரில்லுக்குள் சேரும் இடத்தில் ஒரு குமிழி மெல்ல ஊதிப் பெருகி உடைந்தது, மறுபடி இன்னொன்று. பத்து விநாடிக்கு ஒன்று. மூக்குக்கு எந்த வாசமும் இல்லை. இரண்டு ஸ்பானர் போட்டு, ஒன்றால் பிடித்து மற்றதால் கால் திருப்பு இறுக்கினேன். துடைத்துவிட்டு மறுபடி பூசினேன். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன், நுரை அப்படியே படுத்திருந்தது.

மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைத்தேன், எப்போதும் அப்படித்தான் செய்யவேண்டும். நான்கும் வரிசையாகத் தாவிப் பிடித்தன. மூன்றாவதில் மட்டும் தீ நுனி மஞ்சளாக நீண்டது. குழாய் வாயிலுள்ள காற்றுத் தடுப்பை ஸ்க்ரூ தளர்த்தி ஒரு நூல் கூடுதலாகத் திறந்ததும் நீலமானது. புதுத் தகடுகளில் படிந்திருக்கும் ஆலை எண்ணெய் போகட்டும் என்று 15 நிமிடம் வெறுமனே எரியவிட்டேன். புகை நாற்றம் அடங்கியது.

சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பரவுகிறதா என்று பார்க்க இங்கே ரொட்டித் துண்டுகளைப் பரப்புவார்கள். எங்கள் வீட்டில் அப்பளம் இருந்தது. எட்டு உளுந்து அப்பளத்தை இரண்டு வரிசையாக வைத்தோம். முன் வரிசை நான்கும் ஒரே நேரத்தில் பொரிந்தன. பின் வரிசையில் வலது மூலை மட்டும் சற்றுப் பிந்தியது. அந்த மூலையில் இனி காய்கறி வைப்போம், கோழி வேண்டாம். அப்பளத்தை மகன் தின்று தீர்த்தான்.

இதே மாதிரிப் புதுக் கிரில் 450 டாலருக்கு மேல் போகிறது. என் 196-இல் ரெகுலேட்டர் 28-ம் தபால் 9-ம் அவசரத்துக்குக் கொடுத்த விலை. மறுபடி இதே கோளாறு வந்தால் சிலிண்டரை எடைபோட்டு, நட்டைக் கழற்றி மாட்டி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கடைப்பக்கம் போவேன். மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது. அக்டோபரில் உறை போடுவதற்கு முன்னும், ஏப்ரலில் எடுத்த பின்னும் நான்கு குழாயிலும் நீளமான பாட்டில் பிரஷை விடப்போகிறேன். சொட்டுத்தட்டை மாதம் ஒருமுறை காலி செய்யவேண்டும். வார்ப்பிரும்புக் கம்பித்தட்டில் இரண்டு இடத்தில் எனாமல் பெயர்ந்திருக்கிறது, இந்தக் கோடையில் எண்ணெய் தடவி ஓட்டிவிடலாம்.

அலமாரிக் கதவின் உட்புறம், அழிந்துபோன ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன்: பர்னர் 15⅛ அங்குலம், குழாய் 1 அங்குலம், ஹீட் பிளேட் 15 x 3¾, மின்முனை இடைவெளி 4 மில்லிமீட்டர், சிலிண்டரை மெதுவாகத் திற.